சிமென்ட்டில் ஒரு புளியங்கட்டை

போன வாரம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கோடாலியின் வாய் மடங்கிப் போயிற்று. கோடாலி மாதப்பனுடையது. குற்றம் என்னுடையது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

ஓசூரில் பூச்செடி வைக்காத வீடு உண்டா? பெங்களூர் பக்கத்தில் இருப்பதால் வந்த தொற்று இது. என் மனைவி சரோஜாவும் நான்கு சிமென்ட் தொட்டிகள் வாங்கினாள். கொண்டுவந்து வைத்துப் பார்த்தால்... சாக்கடைக் குழாயை அறுத்து நிறுத்தியது போல இருந்தன. "இதுல வெச்சா ரோஜாவுக்கே பூக்க மனசு வராது" என்றாள்.

அப்போது அகப்பட்டவர்தான் முனியப்பா மேஸ்திரி. பெங்களூர் பார்க்குகளில் சிமென்ட்டிலேயே மரக்கட்டை பெஞ்சு செய்தவர். தொட்டிகளின் மேல் சாந்து அப்பினார். ஆணியால் கீறினார்; பட்டை வெடித்தது. பழைய சீப்பால் இழுத்தார், ரேகை ஓடியது. கட்டைவிரலால் அழுத்தினார் — கணு! காவியும் விளக்குக் கரியும் பூசியதும் சாட்சாத் புளிய மரத்தை அறுத்து வைத்தது போலவே ஆகிவிட்டது.

அதோடு விட்டாரா? மறுநாள் வந்து தொட்டிகளைக் கவிழ்த்து, அடிப்பக்கத்திலும் மரத்தின் வயதைக் காட்டும் வளையங்களைப் போட்டார்.

"அடியை யார் மேஸ்திரி பார்க்கப் போறாங்க?"

"நோடி சாமி, நான் பாக்கறேனல்ல?" என்றார், கன்னடமும் தமிழுமாக.

கவிழ்த்தபடியே ஈரச் சாக்கைப் போர்த்தி, பத்து நாள் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார். கிணற்றுக்குப் பக்கம் என்று நாங்கள் வைத்த இடம் எது தெரியுமா? விறகுக் குவியலின் ஓரம்.

மாதப்பன் எங்களுக்கு விறகு பிளக்கிறவர். ஆனால் ஊரில் அவர் மதிப்பே வேறு. நிற்கிற மரத்தைக் கோடாலிப் பிடியால் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, உள்ளே வைரம் பாய்ந்திருக்கிறதா, பொந்தா என்று சொல்லிவிடுவார். அவரைக் கேட்காமல் இந்தப் பக்கம் யாரும் பெரிய மரத்தில் கை வைப்பதில்லை.

வந்தார். சாக்கை விலக்கினார். நான் ஜன்னலில் நின்றிருந்தேன். சொல்லியிருக்கலாம். இவரே ஏமாறுகிறாரா பார்த்துவிடுவோமே என்று ஓர் அற்ப ஆசை...

வளையங்களைப் பார்த்தார். நடுவில் தண்ணீர் வடிய விட்டிருந்த ஓட்டையில் விரலை விட்டார். பிடியால் இரண்டு தட்டு.

"அம்மா, புளியங்கட்டைங்க. ஈரம் இன்னும் போவல. வண்டு தொளைச்சு உள்ள பொந்தா கெடக்குது. அடுப்புக்குத்தான் ஆவும்" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த சரோஜாவின் காதில் அது விழவில்லை. நானோ சிரிப்புத் தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டேன். கையை எடுத்து, "நிறுத்துங்க!" என்று கத்துவதற்குள் —

டங்!

தொட்டி இரண்டாயிற்று. மாதப்பன் ஒரு சில்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டேதான் வெளியே போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"வெளிய சொல்லிடாதீங்க ஐயா. கெலவரப்பள்ளிப் பண்ணைக்காரரு செக்குக்கு மரம் பாக்க வரச் சொல்லியிருக்காரு."

சத்தியம் செய்தேன். ஆனால் மறுநாள் மேஸ்திரி எதிரே வந்தால், அவர் கைவேலையைப் பாராட்டாமல் இருக்க முடியுமா? அவரிடம் மட்டும்தான் சொன்னேன்! அவர் யாரிடம் சொன்னார் என்கிறீர்களா? சந்தையில் யாரிடம் சொல்லவில்லை என்று கேளுங்கள்.

மூன்றாம் நாள் மாதப்பன் வாசலில் நின்றார். திட்டியிருந்தால் தேவலை, திட்டவில்லை.

"பண்ணைக்காரரு வர வேணாமுன்னு ஆளனுப்பிட்டாருங்க. சிமென்ட்டுக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் எதுக்குன்னாராம். இனிமே என்னை யாருங்க கூப்புடுவாங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. சரோஜா பார்த்த பார்வையில் அது இரட்டிப்பாயிற்று. "போய்ச் சரி பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் உங்களுக்குக் காப்பி கெடையாது" என்றாள்.

மாதப்பனையும் ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டு வண்டியில் கெலவரப்பள்ளி போனேன். செக்குக்கென்று பார்த்து வைத்திருந்த புளிய மரத்தடியிலேயே பண்ணைக்காரர் உட்கார்ந்திருந்தார். வளையம், வண்டுத் துளை, ஜன்னலில் நான் நின்ற லட்சணம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தட்டிப் பாத்து மாதப்பன் என்ன சொன்னான்?" என்றார்.

"உள்ள பொந்துன்னு சொன்னாருங்க."

"பொந்தா இருந்துச்சா?"

"பூந்தொட்டிங்க... பொந்தாத்தானே இருக்கும்?"

"அப்புறமென்ன? ஏமாந்தது கண்ணு. எனக்கு வேண்டியது காது." மாதப்பன் பக்கம் திரும்பினார். "தட்டு மாதப்பா."

மாதப்பன் மரத்தைச் சுற்றி வந்து தட்டினார். இடுப்பு உயரத்தில், முழங்கால் உயரத்தில், வேரடியில். "செக்குக்கு ஆவாதுங்க. அடியில காலி. வெட்டாதீங்க, பழமாச்சும் மிஞ்சும்."

பண்ணைக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. "சரி, தோப்புல இன்னொண்ணு நிக்குது, வா" என்று எழுந்து நடந்தார். மாதப்பன் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கோடாலியைக் கொல்லரிடம் கொடுத்து வாய் தீட்டி வாங்கியாயிற்று. மிச்சமுள்ள மூன்று தொட்டிகளில் ரோஜா வைத்தாயிற்று. காப்பியும் கிடைக்கிறது.

இதை எழுதி முடித்ததும், மறுபடியும் அவரைக் கேட்காமல் பத்திரிகைக்கு அனுப்பி வெளியே விடுவது நியாயமா என்று, மாதப்பனுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். கேட்டார். நோட்டுப் புத்தகத்தை வாங்கிக் காதோரம் வைத்து, விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"தாராளமா அனுப்புங்க ஐயா. உள்ள பொந்துதான்."

அவர் காது ஏமாறாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவனே நான்தான்... என்ன செய்ய?