கதவைச் சாத்திச் சலித்த மாவு

இலவச கலர் டி.வி. எங்கள் தெருவுக்கு இன்னும் வராத காலம். சுனாமிக்கு மறுவருஷத்து மார்கழி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மணிமுத்தாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடி வடிந்திருந்தது. தெருவெல்லாம் சேற்று வாசனை. அதற்கு மேலே வாசலுக்கு வாசல் கோலம்... பால் கொட்டினாற்போல வெள்ளை.

அந்த வெள்ளைக்குக் காரணம் நான்தான்.

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளுக்கு வெள்ளைக்கல்லை மாவாக அரைத்துக் கொடுக்கிற ஒரு மில்லில் எனக்கு வேலை. தகரக் கொட்டகை, நாலு பக்கமும் திறப்பு. கீழே சிந்துகிற மாவைப் பையில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவருவேன். யாரும் கேட்கமாட்டார்கள். என் பெண்டாட்டி அஞ்சலை அதைச் சலித்து வைப்பாள். கோலத்துக்கு, பாத்திரம் துலக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். மில்லுக்குப் போகிற மற்ற வீடுகளிலும் இப்படித்தான்.

அந்த மார்கழியில் மெட்ராஸிலிருந்து நாலு பிள்ளைகள் வந்தார்கள். டாக்டர் படிப்பு இல்லையாம். ஒரு ஊருக்கே ஒரு நோய் வந்தால் ஏன் வருகிறது என்று படிக்கிற படிப்பாம். பாதிப் பாடம் காலேஜில், பாதிப் பாடம் தெருவில். கையில் பேப்பரோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள்.

"வீட்ல யாருக்காவது இருமல் இருக்குங்களா?"

"இல்லம்மா."

தெரு முழுக்க இதே பதில். என்னோடு மில்லில் நிற்கிற கொளஞ்சி, "இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினான். இருமல் என்றால் டி.பி., டி.பி. என்றால் அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். எங்கள் பெண்ணுக்கு அப்போது நல்லூரில் இடம் பேசிக்கொண்டிருந்தோம். அஞ்சலை ரெண்டு தடவை டி.பி. மாத்திரை சாப்பிட்டு முடித்தது கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கிற அவள் அக்காவுக்கே தெரியாது.

ஒரு வாரம் இப்படியே போயிற்று. அப்புறம் அந்த நாலு பேரில் ரெஜினா என்கிற பெண் பேப்பரை மடித்துப் பையில் வைத்தாள். பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் எல்லோரையும் கூப்பிட்டு, "உங்க தெருவ நீங்களே தரையில வரைஞ்சு காட்டுங்க" என்றாள்.

"எதால வரையறது?"

"கோலமாவு இருக்கும்போது என்ன கவல" என்று அஞ்சலை டின்னைத் தூக்கி வந்தாள். பத்து நிமிஷத்தில் தெரு தரைக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு கட்டம், கோயில், குழாய்.

ரெஜினா ஒரு கை புளியங்கொட்டையை எடுத்தாள். "இருமல் பத்தி நான் கேக்கல. குழாயிலேருந்து குடம் தூக்கி வரும்போது நடுவுல எறக்கி வெச்சு நிக்கிறவங்க யாரு? அவங்க வீட்டுல ஒரு கொட்ட வைங்க."

அவ்வளவுதான், பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"கொளஞ்சி வூட்டுல ஒண்ணு வையி. காலிக் குடத்தோட போவும்போதே அந்தாளு ரெண்டு எடத்துல குந்துறாரு."

"ஏ, உன் வூட்டுக்கு எங்க? நீ மட்டும் பி.டி. உஷாவா?"

கேலியும் சிரிப்புமாகப் பதினாலு கொட்டை விழுந்தது. அஞ்சலை எங்கள் கட்டத்தில் ரெண்டு வைத்தாள். "இந்தாளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

ரெஜினா நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, நீங்களும் மில்லுக்குப் போறீங்களா?"

"நான் எங்கம்மா போறன். வூட்லதான் கெடக்குறன்."

அந்தப் பெண் தரை மாவைக் கிள்ளி விரலில் தேய்த்தாள். "இது எந்தக் கடையில வாங்குனது?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "கடையில இந்த நைஸு வருமா பாப்பா? நம்ம மில்லுது. நான்தான் கொண்டாறன்."

"யாரு சலிக்கிறது?"

"நான்தான்" என்றாள் அஞ்சலை. "அடுப்பங்கரையில கதவ சாத்திக்கிட்டு சலிப்பன். தொறந்து வெச்சா நல்ல மாவெல்லாம் காத்துல போயிடுமே."

ரெஜினா விரலைத் துடைத்துக்கொண்டாள். கொட்டை வைத்திருந்த ஒவ்வொரு கட்டமாகக் காட்டி, இங்கே யார் சலிப்பது, இங்கே யார் என்று மெதுவாகக் கேட்டாள். கேட்கக் கேட்க எங்கள் சிரிப்பு அடங்கிப் போனது.

பதினாலு பேரையும் வேன் வைத்துக் கடலூருக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். என் படத்தையும் அஞ்சலை படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார் டாக்டர். ரெண்டிலும் மணல் இறைத்த மாதிரி இருந்தது. அவளுடையதில் கொஞ்சம் கூடுதல். நான் திறந்த கொட்டகையில் தின்ற தூசியை அவள் மூடின கதவுக்குள் தின்றிருக்கிறாள். டி.பி. இல்லை, கல் தூசி. உள்ளே போனதை எடுக்க மருந்து கிடையாது என்றார்.

வெளியே வந்ததும் ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாவ நிறுத்திடுங்க ஐயா. அது ஒண்ணுதான் என்னால சொல்ல முடியும்."

அன்றைக்கே டின்னில் தண்ணீர் ஊற்றிக் குழைத்துக் கொல்லையில் புதைத்தோம். பொங்கலுக்கு அரிசி மாவில் கோலம் போட்ட அஞ்சலை, தள்ளி நின்று பார்த்துவிட்டு, "வெளுப்பே இல்ல, பாத்தியா" என்றாள்.

மில் வேலையை நான் விடவில்லை. வேறு என்ன தெரியும் எனக்கு? மூக்கில் ஈரத்துண்டு கட்டினேன், அங்கேயே குளித்துவிட்டு வீடு வந்தேன். பெண் கல்யாணத்தில் அஞ்சலை எழுந்து நிற்க முடியாமல் நாற்காலியிலேயே இருந்தாள். அதற்கடுத்த மார்கழியில் அவள் இல்லை.

இப்போதும் பிள்ளைகள் வருகிறார்கள். செல்போனில் கேள்வி, ஆமாம் இல்லை என்று ஒரு தட்டு, அடுத்த வீடு. குறை சொல்லவில்லை. கோலமாவும் இப்போது பாக்கெட்டில் வருகிறது. என்ன கல்லோ... வாங்குகிறவர்களிடம் வாசலில் வைத்தே பிரிக்கச் சொல்கிறேன். கேட்டுச் சிரிக்கிறார்கள்.

இதைக்கூட நான் வாயால் சொல்லச் சொல்லப் போன்தான் எழுதிக்கொள்கிறது. நான் கைநாட்டு. ஆனால் என்னால் வாசிக்க முடிந்த காகிதம் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஊருக்குப் போகிறதற்கு முன்னால், தரையில் இருந்ததை அப்படியே பேப்பரில் வரைந்து ரெஜினா எனக்கு ஒன்று கொடுத்தாள். எழுத்தே கிடையாது. கட்டங்கள், பதினாலு புள்ளிகள்.

விரலை வைத்து வாசிப்பேன். குழாய்க்குப் பக்கத்துப் புள்ளி கொளஞ்சி, முதலில் போனவன். கோயிலை ஒட்டின மூன்று புள்ளியும் ஒரே வீடு, அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அப்படியே வந்தால் கடைசிக் கட்டத்தில் ரெண்டு புள்ளி. இடது பக்கம் அஞ்சலை.

வலது பக்கம் ராசேந்திரன். நான்.