பால் லோரிச் சத்தம்

காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரர்களோடு போரிட்ட அவசரகாலத்தில் எங்கள் ஈஜோக் ரப்பர் தோட்டத்துத் துரையிடம் இரண்டு கதவு வைத்த பழைய சொகுசுக் கார் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் ஒல்லியான ஆள். ஸ்பேனரின் ஒரு முனையை இஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

காட்டில் ஒளிந்திருந்தவர்கள் துரைமார் காரென்றால் சுட்டுவிடுவார்கள். அதனால் கதவுகளுக்குள் இரும்புத் தகடு அடித்தார். பிறகு சைலன்சரை மாற்றினார். கார் அச்சு அசலாக ரப்பர் பால் ஏற்றும் லோரி போல உறுமியது.

“இனிமே சத்தத்த வெச்சு, வர்றது துரையா, பால் லோரியான்னு அவனுங்களுக்குத் தெரியாதுலா,” என்று சிரித்தார்.

தினமும் அந்தப் பால் லோரியில் போகும், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நான். “அப்ப லோரியத் துரை காருன்னு நெனச்சுட்டா, அண்ணே?”

சிரிப்பு நின்றது. ஸ்பேனரைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். துரைக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போனதால் இனி மாற்றவும் வழியில்லை.

மறுநாள் காலை லோரியில் ஏறினால், காட்டுப் பக்கத்து ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தார்.

“பிரேக்கு சரியில்ல, தம்பி. கூட வந்து பாக்குறேன்.”

அதன்பின் தினமும் வந்தார். ஒவ்வொரு வளைவிலும் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். அந்த லோரியின் பிரேக்கில் ஒருநாளும் ஒரு குறையும் இருந்ததில்லை.