எங்கள் வாசலில் இறுகிய தேர்ச் சக்கரம்

இறைமக்களே, நல்ல செபம் செய்து பலன் கண்டவன் அல்ல நான். கூடப் பிறந்த அண்ணன் ஊர் நடுவே அவமானப்பட வேண்டும் என்று செபித்தவன். அதற்கும் பதில் வந்தது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் ஆரோக்கியசாமி. மாமல்லபுரத்தில் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். நம் ஊர்ப் பாதுகாவலர் புனித செபஸ்தியாரின் தேர், தை மாதத் திருவிழாவில் வாசலுக்கு வாசல் நிற்கும். வீட்டுக்காரர்கள் மாலை போடுவார்கள். தேருக்கு முன்னால் விசிலோடு போவது விழாக் கமிட்டித் தலைவரான என் அண்ணன் ஞானப்பிரகாசம். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் தள்ளு.

இரண்டு வருடத்துக்கு முன் என் மனைவி ஸ்டெல்லாவுக்குப் பக்கவாதம் வந்தது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இடது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தேருக்குத் தன் கையால் மாலை போட வேண்டும் என்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு தினமும் நடந்து பழகினாள்.

அந்தச் சமயம் எனக்கும் அண்ணனுக்கும் சாக்கடைத் தண்ணீர் யார் வீட்டுப் பக்கம் போவது என்று சண்டை. பேச்சுவார்த்தை இல்லை. போன வருடம் தேர் வந்தபோது ஸ்டெல்லா மாலையோடு வாசலில் நின்றாள். அவன் இரண்டு விசில் ஊதினான். தேர் எங்களைத் தாண்டிப் போனது.

மறுநாள் வாக்கரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளச் சொன்னாள். அதன்பின் நடக்கவே இல்லை. டாக்டர் திட்டினார். நான் கெஞ்சினேன்.

"நடந்து எங்க போவணும் நானு?" என்றாள்.

என் வயிறு எரிந்தது. அண்ணனை 'அவன்' என்கிறேன், மன்னியுங்கள், அன்றிலிருந்து அப்படித்தான் வாயில் வருகிறது. இந்த வருட நவநாள் ஒன்பது நாளும் கோவிலுக்குப் போனேன். "செபஸ்தியாரே, அவன் விசில் ஊதும்போதே ஊர் பார்க்கத் தேர் நின்றுபோகட்டும்." வேறு செபம் இல்லை. வருடா வருடம் தேர்ச் சக்கரத்துக்கு கிரீஸ் வைப்பதும் நான்தான். இந்த முறை வைக்கவில்லை. கமிட்டிக்காரர்களும் வந்து கேட்கவில்லை.

தேர் நாள் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் வாசலில் மறுபடியும் இரண்டு விசில். அடுத்து இரும்பு உரசும் சத்தம். தேர் நின்றுவிட்டது. அவன் ஊதி ஊதிப் பார்த்தான், ஆட்கள் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. சத்தம் போட்டே சிரித்தேன்.

அவன் ஜன்னலுக்கு வந்தான். "டேய், ஜாக்கி எட்தா. சக்கரம் இறுகிட்ச்சி."

"இன்னாத்துக்கு ஜாக்கி? ரெண்டு விசில் ஊது, தானா போவும்."

"ஊரே பாத்துகினு கீது. மானத்த வாங்காதடா."

"என் பொஞ்சாதி மாலையோட நின்னப்ப ஊரு பாக்கலியா?"

பின்னால் கால் இழுபடும் சத்தம். திரும்பினேன். ஸ்டெல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். தோளில் மாலை. எனக்குத் தெரியாமல் பூக்காரம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

"கதவத் தொற. தேரு நின்னுகினு கீது."

திறந்தேன். வாசலிலிருந்து தேருக்கு எட்டு அடி. ஒருவரையும் பிடிக்க விடவில்லை. அண்ணன் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு வழிவிட்டான். மாலை போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போய் ஜாக்கிய எட்தா. செபஸ்தியாரு எம்மா நேரம் நிப்பாரு?"

எடுத்து வந்தேன். சக்கரத்தைக் கழற்றும்போது என் கண் கலங்கி எதுவும் தெரியவில்லை. கிரீஸ் இல்லாமல்தான் இறுகியது, மெக்கானிக்கான எனக்குத் தெரியாதா? ஆனால் நாற்பது வாசல் தாண்டி ஓடிய சக்கரம் ஏன் என் வாசலில் இறுகியது? அதற்கு என் பட்டறையில் பதில் இல்லை.

சக்கரத்தைச் சரிசெய்து தேரை அனுப்பிவிட்டு வீட்டுக்குள் வந்ததும் அவள் சொன்னாள், "ஒம்போது நாளும் ஒண்ணுதான் கேட்டேன். இந்த வாட்டி தேரு நம்ம வாசல்ல நிக்கணும்னு. நீ இன்னா கேட்ட?"

ஜாக்கியை வைத்துவிட்டு வருகிறேன் என்று பட்டறைக்குப் போய்விட்டேன்.

சாக்கடை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அண்ணனும் நானும் கட்டிப்பிடித்து அழவும் இல்லை. "சாப்ட்டியா" என்ற அளவில் பேச்சு வந்திருக்கிறது. சகோதர சகோதரிகளே, மனசு சுத்தமான பிறகு கேட்கலாம் என்று காத்திருக்காதீர்கள். வயிற்றெரிச்சலோடு இருந்தாலும் போய் செபஸ்தியார் முன்னால் நில்லுங்கள். உங்களுக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

ஸ்டெல்லா கேட்டதற்கு இன்றைக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டிலிருந்து நடந்துதான் வந்தாள்.