ரேந்தைப் பொட்டலத்தில் சொல்லாத பெயர்

வியாழக்கிழமை காலை ஜெபம் முடிந்த பிறகும் மதர் நம்மை எழுந்திருக்க விடவில்லை. சீமையிலிருந்து தந்தி வந்திருக்கிறது என்றார். ஆசிரியப் பயிற்சிக்குப் போன நம் புஷ்பம் அக்கா, அங்கே குளிர்காலத்து நெஞ்சுச்சளிக் காய்ச்சலில் இறந்துபோனாள் என்றார். வெளியே கிணற்று ராட்டினம் மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவள் போய் ஒரு வருஷம் ஆகியும், என் மனத்தில் அவள் இன்னும் கரை இறங்கவில்லை. வெள்ளைக் கப்பலின் மேல்தட்டில், முந்தானை பறக்க, நின்றுகொண்டே இருந்தாள்.

அவளைப் பற்றி இனி பேசக் கூடாது என்று மேட்ரன் அம்மா சொல்லியிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் தூக்கத்தில் அழுகிறார்களாம். அதனால் பேசவில்லை, எழுதுகிறேன். காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் விளக்கைக் குறைத்துக்கொண்டு எழுதுகிறேன். போர்டிங்கில் அவளோடு இருந்த உங்களுக்காகத்தான் இது. படித்துவிட்டு அடுத்தவளிடம் கொடுங்கள்.

புஷ்பம் அக்கா மண்டைக்காட்டுக்கு மேற்கே கடப்புறத்துக்காரி. அவள் அப்பா கட்டுமரத்தில் போகிறவர். அவள் கடைசி வகுப்பில் படித்தபோது நாம் எட்டாம் வகுப்பு. சனிக்கிழமை மத்தியானங்களில் நாம் வெள்ளை நூலில் பூவும் கொடியுமாக ரேந்தை பின்னுவோம், மதர் லேஸ் என்று சொல்வாரே, அதுதான். நூலைச் சரிபார்க்க வருகிறவள், நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

“ஏட்டி, இந்த ரேந்தை எங்க போவுது?”

“சீமைக்கு அக்கா.”

“நூலு போவுது. நூலப் பின்னுன வெரலு போகப்படாதா?”

அதற்கு முன் அப்படி ஒரு கேள்வியை நாம் கேட்டதில்லை. சீமை என்றால் மதர்கள் வருகிற இடம். நாம் போகிற இடம் அல்ல. அன்று என் விரல்களைப் பார்த்தேன். அவை எனக்கு முன்பே எங்கோ புறப்பட்டுவிட்டவை போல இருந்தன.

சீமைக்குப் போக அக்கா நம்மைப் பழக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே கிழங்கை வெறுமனே அவித்துத் தின்பார்கள் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவுதான், மரச்சீனிக் கிழங்கு போடுகிற நாளெல்லாம் மீன்கறி தொடக் கூடாது என்றாள். நாமும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினோம். திரேசாதான் கேட்டாள்.

“அக்கா, அங்க மீனு கெடையாதா?”

“மீனு உண்டு மக்கா. புளியும் தேங்காயும்தான் கெடையாது.”

“அப்பொ அந்த மீனு எதுக்குச் சாவணும்?”

அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கிழங்கு உதிர்ந்தது. அன்று சாயங்காலம் அடுக்களையில், கறிச்சட்டியைக் கிழங்கால் துடைத்துத் தின்றுகொண்டிருந்தவளை நாம் கையும் களவுமாகப் பிடித்தோம். “போறது வரைக்கும் திங்கலாம்லா!” என்றாள், வாய் நிறைய.

சிதறால் மலைக்கு அழைத்துப் போன நாளும் நினைவில் இருக்கிறது. மேலே ஏறியதும் மற்றவர்கள் பாறையில் செதுக்கிய சிலைகளைப் பார்க்கப் போனார்கள். அக்கா என்னை மேற்கே திருப்பினாள். தென்னைகளெல்லாம் முடிகிற இடத்தில், வெள்ளியை உருக்கி ஊற்றியது போல ஒரு மெல்லிய கோடு. அது நகர்கிறதா, நான்தான் நகர்கிறேனா என்று தெரியவில்லை.

“கடலு அக்கா.”

“கடல்னு நெனச்சாத்தான் பயம். நடவாசல்னு நெனச்சுப் பாரு” என்றாள்.

அதன் பிறகு பல கனவுகளில் நான் அந்த வாசலைத் தாண்டியிருக்கிறேன். தாண்டிய பக்கத்தில் எப்போதும் வெள்ளையாக ஏதோ உதிர்ந்துகொண்டிருக்கும். பனியா ரேந்தையா என்று பார்ப்பதற்குள் மணி அடித்துவிடும்.

ரேந்தைப் பொட்டலத்தைச் சாக்கில் வைத்துத் தைக்கும் முன் அதன்மேல் சிலுவை வரைவது நம் வழக்கம். அக்கா அதோடு ஒன்றைச் சேர்த்தாள். ஒவ்வொருத்தியும் குனிந்து, தன் பெயரையும் என்ன படிக்கப் போகிறாள் என்பதையும் பொட்டலத்துக்குள் சொல்ல வேண்டும்.

“ஒங்க பேரு முன்னால போய் அங்க நிக்கும். பொறவு நீங்க போனா, ஆருட்டி நீன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாவ.”

நீங்களெல்லாம் சொன்னீர்கள். என் முறை வந்தபோது நானும் குனிந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. அக்கா கண்டுபிடித்துவிட்டாள். திட்டவில்லை.

“பயந்துட்டே சொல்லு மக்கா. பயந்துட்டுச் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.”

அப்போதும் வரவில்லை. அவள் புறப்பட்ட அன்று, தூத்துக்குடிக்குப் போகிற மோட்டாரில் ஏறும் முன் என் காதில் சொன்னாள்: “ஒனக்க பேரு மட்டும் இன்னும் போகல்ல, கேட்டியா.”

இன்று, சனிக்கிழமை மத்தியானம், என் அப்பா வந்தார். களியக்காவிளைச் சந்தையில் மிளகும் புளியும் விற்கிற மனிதர், கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். சந்தையில் செய்தி கேட்டிருக்கிறார்.

“தணுப்புல கெடந்து செத்துப்போனாளாமே. பெத்தவனுக்கு மொகம் பாக்கக்கூட கெடைக்கல்ல. படிச்சது மதி மக்கா. நாளைக்குப் பூசை கழிஞ்சதும் வண்டி வரும். பெட்டியக் கெட்டி வை.”

அவர் கண் கலங்கியிருந்தது. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பரீட்சை வரைக்குமாவது விடுங்கள் என்றார் மதர். பிறகு, “பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டீர்களா?” என்றார். அப்பா என் பக்கம் திரும்பினார். “சொல்லுட்டி, ஒனக்கு என்ன வேணும்?”

அவர் உண்மையாகவே கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். பொட்டலத்தின் முன்னால் வந்த அதே காற்றுதான் வந்தது. “ஒண்ணும் சொல்லல்ல பாத்தேளா” என்றார் அப்பா, வருத்தமாக.

என் பெட்டி இப்போது காலடியில் கட்டி இருக்கிறது.

அக்காவின் ஞாபகமாக என்னிடம் ஒரு ரிப்பன்கூட இல்லை. அவள் விட்டுப்போனது இந்தச் சொல்லாத பெயர்தான். அதை நான் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை வரை படிப்பின் பெயர் எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரியும். காலையில் வண்டியில் ஏறும் முன் அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் விடுவாரா என்று தெரியாது. குரல் நடுங்கும் என்று மட்டும் தெரியும்.

உங்களிடம் முதலில் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் அருளம்மாள். வைத்தியம் படிக்கப் போகிறேன். சீமைக்கு.