தாத்தா ஹேஸ் கம்

எனக்கொரு மகள் இருக்கிறாள், லண்டனில் மட்டும். திங்கள்தோறும் எங்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடியிலிருந்து ஹில்டா அம்மாள் போனில் கேட்பார்: "உங்கள் மகள் சுகமா?" சுகம் என்பேன். ஊரில் இதைப் படிப்பவர்கள் திடுக்கிட வேண்டாம். நான் ஒரு தப்பும் செய்யவில்லை, எல்லாம் என் லத்தீன் பார்த்த வேலை.

கம்ப்யூட்டர் என்று ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரத்துக்கு அட்டைகளில் துளை போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. அட்டையில் உள்ள விவரங்களுக்கு இவர்கள் வைத்த பெயர் லத்தீன் சொல்: டி, ஏ, டி, ஏ. பார்த்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தங்கச்சிமடம் வேதக்கோயிலில் பத்து வருஷம் பூசைக்கு லத்தீனில் பாடியவனுக்கா சொல்லித்தர வேண்டும்? அங்கே டி என்றால் த, ஏ என்றால் ஆதான். முதல் நாளே, மாடியிலிருந்து ஹில்டா அனுப்பிய விவரங்கள் வந்து சேர்ந்தன என்று சொல்லப் போனை எடுத்து, கோயிலில் பாடும் அதே சுத்தத்தோடு, "தாத்தா ஹேஸ் கம்" என்றேன். ஹில்டாவின் காதில் அது 'டாட்டர்' என்று விழுந்தது. "மகளா! வாழ்த்துகள்!"

"அது டேட்டாப்பா" என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்துத் திருத்துவதற்குள் அந்தம்மாள் போனை வைத்துவிட்டார். மறுவாரம் மாடியிலிருந்து வந்த அட்டைப்பெட்டிக்குள், ரோஜா நிறத்தில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. அவரே பின்னியது. என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை.

இல்லையென்று சொல்லியிருக்கலாம். எனக்கும் ஆரோக்கியத்துக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. ஊரில் ஒரு ஞானஸ்நானத்துக்குக்கூட அவளை முன்னால் நிற்க விடமாட்டார்கள். அவள் அங்கே, நான் இங்கே. இந்தப் பெரிய ஊரில் என்னை அக்கறையாக ஒரு வார்த்தை கேட்பது அந்தக் குரல் ஒன்றுதான். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது வேலை நிரந்தரமாகி, ஆரோக்கியம் கப்பலேறப் போகிறாள். வந்தால் குட்டு உடையும். வெட்கத்தைவிட்டு அவளுக்கு எல்லாவற்றையும் எழுதினேன், ஹில்டாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றும் எழுதினேன். சனிக்கிழமை பதில் வந்தது.

"இங்கன பூசையெல்லாம் தமிழ்ல ஆக்கிட்டாக. உங்க லத்தீனுக்கு இனி அங்கனதான் வேலை. அந்தம்மாகிட்ட இல்லைன்னு சொல்லிப்புடாதீக. கேட்டா, எங்கம்மாகிட்ட விட்டுட்டு வந்தேன்னு நான் சொல்லிக்கிறேன். நமக்குப் பிள்ளை இல்லைன்னு இங்கன ஊருக்கே தெரியும். அங்கன ஒருத்தியாச்சும் நம்மளப் பிள்ளை பெத்தவுகன்னு நெனைக்கட்டுமே."

இன்று திங்கள். அலுவலகத்தில் எல்லோரிடமும் டேட்டா என்றுதான் சொல்கிறேன், நாக்கு பழகிவிட்டது. அட்டைகளை அடுக்கி முடித்து, இரண்டாம் மாடிக்குப் போன் போட்டேன்.

"தாத்தா ஹேஸ் கம்" என்றேன்.