நாற்காலியிலிருந்து தரைக்கு

மூன்று வருடம் நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதேன். கர்ப்பப்பையை எடுத்த பிறகு இடுப்பு விட்டுப்போனது. அதற்கு முன்பே இரண்டு பிள்ளைகளுக்கும் வயிற்றைக் கிழித்தாயிற்று. கம்பத்தில் எங்களுக்கு ஏலக்காய் வியாபாரம். காயைத் தட்டில் கொட்டி, தரையில் குனிந்து உட்கார்ந்து தரம் பிரிக்கிற வேலை என்னுடையது. இத்தனைக்கும் ஈடுகொடுக்க முதுகு என்ன இரும்பா? டாக்டரம்மா தரையில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

"முடியாதவுகளுக்குச் சலுகை இருக்குல்ல? அப்புறம் என்ன வருத்தம் ஒனக்கு?" என்பார் என் வீட்டுக்காரர்.

சலுகை இருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் சஜ்தா என்றால் நெற்றி தரையைத் தொட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தால் நெற்றிக்கு முன்னால் வெறும் காற்றுதான் இருக்கும். படைத்தவன் ஏற்றுக்கொள்வான், அதில் சந்தேகமில்லை. எனக்குத்தான் பற்றவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் போகிற குணம் எனக்கு மீன் வாங்குவதிலேயே கிடையாது.

ஒரு நாள் மதியம் யாரும் பார்க்காதபோது பாயை விரித்துத் தரையில் தொழுது பார்த்தேன். இறங்குவது இறங்கிவிட்டேன். எழ முடியவில்லை. கையையும் முழங்காலையும் ஊன்றிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் அப்படியே கிடந்தேன். சாப்பிட வந்த வீட்டுக்காரர்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்கு அவருக்குச் சோறு போடும்போது எனக்கு அழுகையாக வந்தது.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். "வயித்துத் தசைக்குப் பலம் வந்தாத்தான் முதுகு நிக்கும். இனிமே யோகா பழகலாம்" என்றார். பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் பெண்களுக்கு மட்டும் வகுப்பு நடந்தது. சொல்லித் தருகிற பெண் ராயப்பன்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறது. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போக வேண்டும் என்று வகுப்பு கிடையாது.

என் மதினிக்கு விஷயம் எட்டிவிட்டது. "அங்கன மந்திரம் கிந்திரம் சொல்லச் சொல்லுவாகளே?" என்று போன் பண்ணிக் கேட்டாள்.

"சர்ச்சுக்குப் போற பிள்ள எனக்கு என்ன மந்திரம் சொல்லித் தரப்போகுது? மூச்சு விடச் சொல்லுது, விடுறேன்" என்றேன். 

முதல் நாள் மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, "வயித்துக்கு வேல குடுங்க" என்றது அந்தப் பெண். இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது எல்லாப் பெண்களும் செய்கிறதுதானே? வயிற்றை எக்கி விலா எலும்புக்கடியில் சொருகிக்கொண்டேன். புர்கா போட்டுப் பழகியவளுக்கு அந்த வித்தை அவ்வளவாகத் தேவைப்பட்டதில்லை என்றாலும், மறக்கவில்லை.

"அக்கா, மொகம் செவந்துபோச்சு. மூச்சு விடுறீகளா இல்லையா?"

விடவில்லைதான். விட்டால் வயிறு பழையபடி சரிந்துவிடுமே.

"எக்காதீக. இடுப்பெலும்புக்கு உள்பக்கமா ரெண்டு வெரல வச்சு இருமிப் பாருங்க" என்றது. இருமினேன். விரலுக்கடியில், தையல் தழும்புக்குப் பக்கத்தில், ஏதோ ஒன்று சட்டென்று இறுகித் தளர்ந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அறுத்து அறுத்துத் தைத்த வயிறு, அதற்குள் ஒன்றும் மிச்சமிருக்காது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆள் இருந்திருக்கிறது, நான்தான் கூப்பிடவில்லை.

"அங்கனதான். இப்ப இருமாம, மூச்ச மெதுவா வெளிய விட்டே அதக் கூப்பிடுங்க."

அதைக் கூப்பிடப் பல வாரம் ஆனது. சில நாள் வரும், சில நாள் கழுத்தும் தாடையும்தான் இறுகும். ஒரு காலை நீட்டினால் முதுகு பாயை விட்டுத் தூக்கிக்கொள்ளும். "பலகை" என்று சொல்லி அந்தப் பெண் முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்தச் சொல்லும். மற்றவர்கள் நிற்பார்கள், நான் நடுவில் தொங்கிப்போவேன். பக்கத்துப் பாயில் இருந்த, பேங்கில் வேலை பார்க்கும் அம்மா சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்தபோது வயிறு நன்றாகவே பிடித்தது. அரிசி வாளியைத் தூக்கும்போது மூச்சை விட்டுத் தூக்கக் கற்றுக்கொண்டேன். காய் பிரிக்க மேஜை போட்டுக்கொண்டேன். காலையில் எழும்போது இடுப்பில் இருந்த குத்தல் குறைந்தது.

ஆனால் தரையிலிருந்து எழுவது மட்டும் வரவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன ஒரு நாள், அந்தப் பெண்ணிடம் தரையில் தொழ முடியாத விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லக்கா. செஞ்சு காட்டுங்க, எங்கன மாட்டுதுன்னு பாப்போம்."

செய்து காட்டினேன். எங்கள் பக்கம் சஜ்தாவிலிருந்து நின்ற நிலைக்கு வரும்போது கையைத் தரையில் ஊன்றுவதில்லை, முழங்காலில் கை வைத்துத்தான் எழுவோம். பாதி எழுந்ததும் முதுகு பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்து நின்றேன்.

"குனியிறப்ப ஏதோ சொன்னீகல்ல? எந்திரிக்கிறப்ப ஏன் வாய இறுக்கி மூடிட்டீக?"

எனக்கு உடனே புரிந்துபோனது. அல்லாஹு அக்பர். அதை எழ ஆரம்பிக்கும்போது தொடங்கி, நிமிர்ந்து நிற்கும்போது முடிக்க வேண்டும். சின்ன வயதில் மதரஸாவில் சொல்லித் தந்தது. வலி வந்த பிறகு, நாற்காலியிலிருந்தானாலும் தரையிலிருந்தானாலும், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதலில் எழப் பார்ப்பேன், சொல்வதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்துவிடுவேன். மூச்சை வெளியே விடு என்று அந்தப் பெண் சொன்னதை இத்தனை வாரம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து வேளையும் வெளியே போக வேண்டிய மூச்சை நானே அடைத்து வைத்திருக்கிறேன். எனக்கு என்மேலேயே கோபமும் சிரிப்புமாக வந்தது.

அன்று மதியம் வீட்டில் யாருமில்லை. வீட்டுக்காரர் போடிக்கு ஏலக்காய் ஏலத்துக்குப் போயிருந்தார். ஆள் இருந்தால் தூக்க ஓடிவருவார்கள், அது வேண்டாம் என்று நினைத்தேன். பாயை விரித்து லுஹர் தொழ நின்றேன்.

நெற்றி தரையில் பட்டது. பாயில் ஏலக்காய் வாசனை. அழுதுவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது? இரண்டாவது சஜ்தாவும் முடிந்தது. இனி எழ வேண்டும். எழ முடியாவிட்டால் சாயங்காலம்வரை இங்கேதான். கால்விரலை ஊன்றினேன். அல்லாஹு என்று தொடங்கினேன், அடிவயிறு தானாகப் பிடித்தது. அதைப் பிடித்துக்கொண்டே முழங்காலில் கை வைத்தேன். முழங்கால் மடக் மடக்கென்று சத்தம் போட்டது. அக்பர் என்று முடிக்கும்போது நின்றுகொண்டிருந்தேன்.

லுஹருக்கு நான்கு ரக்அத், நின்று குனிந்து நெற்றி வைக்கிற சுற்று நான்கு. இன்னும் மூன்று பாக்கி இருக்கிறதே என்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.