மழை வேண்டாம் என்று கேட்டேன்

ஊரெல்லாம் மழைக்காக முழங்கால் போட்டபோது, மழையே வேண்டாம் என்று முழங்கால் போட்டவள் நான். சிரிக்காதீர்கள் சகோதரிகளே. பட்டாசுக்காரர் மனைவிக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் திருத்தங்கலில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். என் வீட்டுக்காரர் ஆசீர்வாதம், ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். மருந்து என்றால் வெடிமருந்து. அந்த ரூமில் ஒரே ஒரு ஆள்தான் நிற்கலாம், அப்படி ஒரு கட்டுப்பாடு. சாயங்காலம் சைக்கிளை விட்டு இறங்கும்போது, அலுமினியப் பவுடர் படிந்து தலைமுடியிலிருந்து கால் நகம்வரை வெள்ளி பூசின மாதிரி இருப்பார். எங்கள் பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. எனக்கோ அந்த வெள்ளி மனுஷனைத் தெருமுனையில் காணும்வரை உயிர் உடம்பில் இருக்காது.

முந்தின வருஷம் எங்கள் சபையில் ரூத் அக்காளின் புருஷன் இதே வேலைக்குப் போய் வீடு திரும்பவில்லை. அந்த அடக்கத்துக்குப் போய்வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வேலை வேண்டாம் என்று அவரிடம் அழுதேன், கத்தினேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். கடைசியில் இறங்கி வந்தார்.

"இந்தத் தீபாவளி ஆர்டரை முடிச்சுக் கொடுக்கேன்னு முதலாளிக்கு வாக்குக் கொடுத்திட்டேன், ஞானம். கடைசி லோடு ஏறட்டும். அன்னைக்கே மருந்து ரூமுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்திருதேன்."

அந்தக் கடைசி லோடுதான் என் ஜெபமாகிப் போனது. செய்த வெடிகளைக் களத்தில் தட்டுத்தட்டாகப் பரப்பி வெயிலில் காய வைக்க வேண்டும். காய்ந்தால்தான் லோடு. ஒரு நாள் மேகம் போட்டால், ஒரு நாள் கூடுதலாக அவர் அந்த ரூமில் நிற்க வேண்டும். புரட்டாசி பிறந்ததும் வானம் மூட ஆரம்பித்தது. காலையில் எழுந்து முதலில் வானத்தைப் பார்ப்பேன். பிறகுதான் ஆண்டவரைப் பார்ப்பேன். "மழை வேண்டாம் சுவாமி, இன்றைக்கு மட்டும் வேண்டாம்." வேறு ஜெபமே எனக்கு மறந்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துக் காரியாபட்டியிலிருந்து என் மதினி வந்தார். என் வீட்டுக்காரருடைய அக்காள். விதைத்துவிட்டு வானம் பார்த்திருக்கிற குடும்பம். குடும்ப ஜெபத்தில் மழைக்காக வாய்விட்டு மன்றாடினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"மதினி, இங்கன வந்து மழை கேக்காதீக."

"ஏன்? பயிரு கருகுதே, நான் வேற யாருக்கிட்ட கேக்க?"

"உங்க தம்பி அந்த ரூமை விட்டு வெளிய வரணும்னா வெயில் அடிக்கணும்."

மதினி எழுந்து தன் பையைக் கட்டினார். பிறகு, "நீ வேண்டாம்னு கேக்க, நான் வேணும்னு கேக்க, ஆண்டவரு யாருக்குன்னுதான் செய்வாரு!" என்று பெருமூச்சு விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினார்.

அடுத்த வாரம் ஒரு நாள். விடியும்போது வானம் துடைத்த மாதிரி இருந்தது. அவர் சைக்கிளை எடுத்தார். "இன்னைக்குக் காய்ஞ்சிட்டா நாளைக்கு லோடு" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே போனேன்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் இருட்டியது. பெரிய பெரிய துளியாக விழுந்தது. பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் ஆண்டவரோடு சண்டை போட்டேன். இம்புட்டு நாள் கேட்டேனே, கடைசி நாளில் இப்படியா செய்வீர்? என் பேச்சு உம் காதில் விழவே இல்லையா? நிஜமாகவே கேட்டேன். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம்.

ஜன்னல் கம்பி என் கையில் அதிர்ந்தது. ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. வகுப்பு அப்படியே அடங்கிவிட்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்கு அழமாட்டார்கள். எந்தத் திசை என்றுதான் பார்ப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏதாவது ஒரு கம்பெனியில் ஆள் இருக்கும்.

"டீச்சர், எந்தக் கம்பெனி?" என்று முன் வரிசைச் சிறுமி கேட்டாள்.

மழைக்குள்ளே ஆமத்தூர்ப் பக்கம் புகை எழும்பி நின்றது. பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் விட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

ரோட்டு வழியாகச் சுற்றிப் போனால் நேரமாகும் என்று காட்டுப் பாதையில் இறங்கினேன். அதுதான் தப்பு. கரிசல் மண், மழை குடித்திருந்தது. காலை எடுத்தால் மண்ணும் சேர்ந்து வந்தது. செருப்பை விட்டேன். சேலையைத் தூக்கிச் செருகினேன். ஜெபிக்க வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. இத்தனை வருஷம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தவள் நான். "வெளியே கொண்டு வாரும், அவரை வெளியே கொண்டு வாரும்." அவ்வளவுதான் வந்தது.

பாதி வழியில் ஒருவர் எதிரே ஓடிவந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

"எந்த ரூம் அண்ணாச்சி?"

"மருந்து ரூம்தாம்மா. இருந்த இடம் தெரியல. பக்கத்து ரெண்டு ரூமும் சேந்து போச்சு" என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டார்.

அந்த ரூமில் நிற்பது ஒரே ஆள். அந்த ஆள் என்னுடையவர். நான் அந்தச் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கம்பெனி வாசலில் ஒரே அழுகையும் கூப்பாடும். நனைந்த பெண்கள் ஒருவரை ஒருவர் தொட்டுத் தொட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வெள்ளி மனுஷனைத் தேடினேன். கூட்டத்துக்குள் புகுந்து தேடினேன். எங்கேயும் அந்த வெள்ளி இல்லை. இடிந்த சுவரைப் பார்த்து ஓடப் போனவளை ஒரு கை பிடித்து நிறுத்தியது. உதறிவிட்டு நடந்தேன்.

"ஏ ஞானம், என்னையத் தாண்டி எங்க போற?"

திரும்பினேன். கறுத்த, நனைந்த ஒரு மனுஷன். தலைமுடி கறுப்பு, முகம் கறுப்பு, கை கறுப்பு. மழை அவர் மேலிருந்த வெள்ளியையெல்லாம் கழுவிவிட்டிருந்தது. அதனால்தான் என் புருஷனை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால், டீச்சர் என்ற நினைப்பே இல்லாமல், அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓலமிட்டு அழுதேன்.

நடந்தது இதுதான். மழை இறங்கியதும் வெடி கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தட்டுகளைத் தூக்கக் களத்துக்கு ஓடியிருக்கிறார்கள். மருந்து ரூம்காரர் மட்டும் ஓடக் கூடாது. கலவையைப் பாதியில் விட்டு வருவது அங்கே வழக்கமில்லை. அவரும் ஓடவில்லை. ஆனால் முனியம்மா என்று ஒரு பெண், நிறைமாதம், தட்டைத் தூக்க முடியாமல் மருந்து ரூம் வாசலுக்கு எதிரே தடுமாறியிருக்கிறாள். "அண்ணாச்சி, ஒரு கை பிடிங்க" என்றாளாம். ஒரு கை பிடிக்கத்தான் இறங்கினார். தட்டின் ஒரு முனை அவர் கையில், மறு முனை அவள் கையில். தட்டுகளை அடுக்குகிற கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது பின்னால் ரூம் வெடித்துப் போய்விட்டது. காலையில் கலந்த மருந்து உள்ளுக்குள் சூடேறிக்கொண்டே இருந்ததாம். அது யாருக்கும் தெரியாது.

ஓடு விழுந்து சிலருக்குக் காயம். உயிர்ச் சேதம் இல்லை. மழை வராமல் இருந்திருந்தால், நான் கேட்டபடியே வெயில் அடித்திருந்தால், அவர் ரூமுக்குள்ளே இருந்திருப்பார். பக்கத்து ரூம்களில் வெடி கட்டுகிற பெண்கள் இருந்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆண்டவர் செய்ததைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். எதிரே ரூத் அக்காள். அவளும் என்னைப் போலத்தானே மன்றாடினாள்? உட்கார்ந்துவிட்டேன். ஆராதனை முடிந்ததும் அவளே என்னிடம் வந்தாள்.

"ஏன் சொல்லாம உக்காந்த? சொல்லு. ஆனா எம் புருசனுக்கு ஜெபம் பத்தலைன்னு யாரும் நினைச்சிரக் கூடாது. அதையும் சேத்துச் சொல்லு."

அவள் தோளில் சாய்ந்து அழுதேன். அவளும் அழுதாள்.

என் வீட்டுக்காரர் மருந்து ரூமுக்குத் திரும்பிப் போகவில்லை. பஜாரில் சைக்கிள் கடை போட்டார். இப்போது சாயங்காலம் கிரீஸ் கறையோடு வருகிறார். முனியம்மா பையனைப் பெற்றெடுத்து எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த மழையில் காரியாபட்டிப் பயிரும் பிழைத்தது. மதினி முதல் கதிரை எங்கள் சபைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைத்தார்.

இப்போதும் வானம் மூடினால் என் கண் ஆமத்தூர்ப் பக்கம்தான் போகிறது. ஆனால் எந்த வழியாகக் காப்பாற்ற வேண்டும் என்று ஆண்டவருக்குப் பாடம் நடத்துவதை விட்டுவிட்டேன். ரூத் அக்காளுக்கு ஏன் அப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரிப் பேசவும் மாட்டேன். நானும் அவளும் தினமும் மதியம், அந்தச் சத்தம் கேட்ட நேரத்துக்கு, இந்தப் பக்கத்து மருந்து ரூம்களில் நிற்கிற எல்லாருக்காகவும் சேர்ந்து முழங்கால் போடுகிறோம். பேர் தெரியாதவர்களுக்காகவும்தான்.

இன்றைக்கு இதைச் சொல்லும்போதும் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டது கிடைக்கவில்லை என்று மனம் கசந்தவர்கள் உங்களில் இருந்தால், நாளை மதியம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். சண்டை போட வேண்டுமானால் ஆண்டவரோடு சண்டையும் போடுங்கள். நான் போட்டவள்தான். முழங்கால் போடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாய் விரித்து வைத்திருப்போம்.